பறவையா, ராஜாவா?

சேலத்தில் அஞ்சல்தலை சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் எவரும் முதலில் கேட்பது இதைத்தான்.

ராஜா என்றால் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். பாட்டன் காலத்துக் கடித உறைகளில் இன்னும் கிடைப்பார். ஒரே முகத்தைப் பார்த்துச் சலிக்கும், உண்மைதான். ஆனால் அஞ்சல்தலையைக் கவிழ்த்துக் கறுப்புத் தட்டில் வைத்துப் பாருங்கள். 1911 வரிசையில் ஒற்றை நட்சத்திர நீர்க்குறி, அதாவது தாளிலேயே பதிந்த மங்கலான அடையாளம். 1926 முதல் நாசிக்கில் அச்சானவற்றில் நட்சத்திரக் கூட்டம். முகம் ஒன்று, தலை இரண்டு! இந்தத் துப்பறியும் சுகம் பறவைத் தலைகளில் குறைவு.

பறவைக்கு வேறு ருசி. 1975-இல் வந்த நான்கு இந்தியப் பறவைகளில் ஆறுமணிக்குருவியும் மாங்குயிலும் உண்டு. குளிர்காலத்தில் ஏற்காடு காப்பித் தோட்டத்துச் சருகைக் கிளறும் குருவியை ஆல்பத்திலும் பார்ப்பது தனி மகிழ்ச்சி. ஒரு எச்சரிக்கை: சேகரிப்போர் பணத்துக்காகவே பறவைப் படம் அச்சடித்துத் தள்ளும் நாடுகள் உண்டு. பளபளப்பில் மயங்காதீர்கள்.

என் ஓட்டு பறவைக்கு. எதைச் சேர்த்தாலும், ஏற்காட்டில் வீடு என்றால் மழைக்காலத்தில் ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் ஈரத்தில் பசை இளகி, ராஜாவும் குருவியும் தாளோடு ஒட்டிக்கொள்வார்கள்.