ரெஸ்யூமே எழுதித்தர்ற ‘கோல்டு பேக்கேஜ்’: 4,999 ரூபாய்க்கு என்ன வருது

5க்கு 2 ஸ்டார். கடை பேர் போடல, ஏன்னா இது ஒரு கடையோட கதை இல்ல, இன்ஸ்டாகிராம்ல வேலை சம்பந்தமா ரெண்டு வீடியோ பாத்தா போதும், சில்வர் கோல்டு பிளாட்டினம்னு இதே சரக்கை விக்கிறவங்க விளம்பரம் வரிசை கட்டி வந்துரும். வாங்கினது என் சித்தி பையன். கோயம்புத்தூர்ல ஆட்டோ பார்ட்ஸ் பண்ற கம்பெனியில குவாலிட்டி இன்ஜினியரா இருக்கான், டிப்ளமோ மெக்கானிக்கல், நாலு வருஷ எக்ஸ்பீரியன்ஸ், ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாறிக்கலாம்னு பாக்குறான். நான் அம்பத்தூர்ல ஒரு கன்சல்டன்சியில ஃபேக்டரிகளுக்கு ஆள் எடுத்துக் குடுக்கிற வேலை, காலைல சிஸ்டம் ஆன் பண்ணதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க ரெஸ்யூமே படிக்கிறதுதான் பொழப்பு. “அக்கா, காசு கட்டி வாங்கிட்டேன், ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்களேன்”னு எல்லா ஃபைலையும் வாட்ஸப்ல தள்ளிட்டான், அதான் இந்த ரிவ்யூ.

பேக்கேஜ்ல வர்றது இதெல்லாம்: டிசைன் பண்ண ரெஸ்யூமே ஒண்ணு, கவர் லெட்டர், லிங்க்டின் மேக்கோவர், ‘ஏடிஎஸ் ஸ்கோர் 96’னு தங்கக் கலர் பார்டர் போட்ட ஒரு சர்டிபிகேட் (நிஜமாவே சர்டிபிகேட், கீழ கையெழுத்து வேற), அப்புறம் 5,000 ஹெச்ஆர்க்கு மெயில் அனுப்பி வைக்கிற சர்வீஸ்.

மொதல்ல அந்த சர்டிபிகேட். ஏடிஎஸ்னா வேற ஒண்ணும் இல்லங்க, வர்ற அப்ளிகேஷனை எல்லாம் வாங்கி, பேரு நம்பரு அனுபவம்னு பிரிச்சு, ஒரே இடத்துல அடுக்கி வைக்கிற சாஃப்ட்வேர். வொர்க்டே, ஆரக்கிளோட டாலியோ, நம்ம ஜோஹோ ரெக்ரூட்னு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொண்ணு வச்சிருக்காங்க. சிலதுல மேட்ச் ஸ்கோர்னு ஒண்ணு வரும், ஆனா அது அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு என்ன கேட்டிருக்காங்களோ அதோட ஒப்பிட்டு வர்றது. எந்த வேலைக்குன்னே தெரியாம மொத்தமா இவனுக்கு 96 மார்க்னு சொல்ல எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது, எந்த கம்பெனியும் அதை கேக்கப் போறதும் இல்ல. எனக்கு இந்த மாதிரி சர்டிபிகேட்டை அட்டாச் பண்ணி அனுப்பினவங்களும் இருக்காங்க, பாவமா இருக்கும்.

இதுல காமெடி என்னன்னா, 96 வாங்கின அதே ரெஸ்யூமேவை எங்க ஆபீஸ் போர்ட்டல்ல ஏத்திப் பாத்தேன். பக்கத்தை நெடுக்க ரெண்டா பிரிச்ச ரெண்டு காலம் (column) டிசைன், இடது பக்கம் நீலக் கலர் பட்டை, அதுல போன் படம் வீட்டுப் படம்னு குட்டி குட்டி ஐகான். சாஃப்ட்வேர் ரெண்டு காலத்தையும் குறுக்கால சேத்துப் படிச்சு, பேரு இருக்க வேண்டிய இடத்துல ‘லாங்குவேஜஸ் நோன்’னு எடுத்துக்கிச்சு, போன் நம்பர் ஹெடருக்குள்ள மாட்டிக்கிட்டதால அது வரவே இல்ல. அதாவது இவன் எங்ககிட்ட அப்ளை பண்ணியிருந்தா, எனக்கு இவனைப் பிடிச்சே இருந்தாலும் கூப்பிட நம்பர் கிடையாது. எல்லா சாஃப்ட்வேரும் இப்படி சொதப்பாது, புதுசுங்க நல்லாவே படிக்கும், ஆனா எதுக்கு ரிஸ்க். வேர்டுல ஒரே காலம், சாதா எழுத்து, மேல பேரு நம்பர் ஊரு, போதும். அப்புறம் அந்த ஸ்கில் பட்டை! சிஎம்எம் (பார்ட்டோட அளவை துல்லியமா அளக்கிற மெஷின்) 80 சதவீதம், எக்ஸெல் 90 சதவீதம்னு கலர் அடிச்சு வச்சிருக்காங்க. சிஎம்எம்ல மிச்சம் 20 என்னடா தெரியாதுன்னு கேட்டேன், “எனக்கு என்னக்கா தெரியும், அவங்களா போட்டது”ங்கிறான்.

சரி டிசைன விடுங்க, உள்ள எழுதியிருக்கிறதுதான் முக்கியமான விஷயம். இவன் பழைய ரெஸ்யூமேல “மெஷின் ஷாப்ல ரிஜெக்ஷன் குறைச்சேன்”னு ஓட்டை இங்கிலீஷ்ல ஒரு வரி இருந்துச்சு. அதை இவங்க “ஸ்பியர்ஹெடட் கிராஸ் ஃபங்ஷனல் குவாலிட்டி எக்ஸலன்ஸ் இனிஷியேட்டிவ்ஸ்”னு (பல டிபார்ட்மென்ட் சேந்த தர முயற்சிக்கு தலைமை தாங்கினானாம்) மாத்தியிருக்காங்க. படிக்க கெத்தா இருக்கு இல்ல? இதே வரி, வார்த்தை மாறாம, எனக்கு வாரத்துக்கு எத்தனை பேர்கிட்ட இருந்து வருதுன்னு தெரியுமா. குவாலிட்டிக்கு அப்ளை பண்றவன், ஸ்டோர்ஸுக்கு அப்ளை பண்றவன், பேங்க் சேல்ஸுக்கு அப்ளை பண்றவன், எல்லாரும் எதையோ ஸ்பியர்ஹெட் பண்ணியிருக்காங்க. கூட்டத்துல தனியா தெரியணும்னுதான் இவன் காசு கட்டுறான், அவங்க இவன்கிட்ட இருந்த கொஞ்சநஞ்ச தனி அடையாளத்தையும் அழிச்சு எல்லாரையும் மாதிரி ஆக்கி அனுப்புறாங்க. எனக்கு இதான் பெரிய கோபம், மத்ததெல்லாம் அப்புறம்தான்.

அன்னைக்கு நைட்டே போன் போட்டு உக்கார வச்சு கேட்டேன், என்னடா ரிஜெக்ஷன், எந்த பார்ட், எப்படிக் குறைச்சன்னு. மொதல்ல “சும்மா நார்மல் வேலைதான்க்கா”ன்னான், நம்ம பசங்க எல்லாரும் சொல்றதுதான். விடாம கேட்டதுல கதை வெளிய வந்துச்சு. பம்ப் ஹவுசிங்ல போர், அதாவது உள் துளை, அண்டர்சைஸ் ஆகி, அளவு சரியான்னு விட்டுப் பாக்குற கோ கேஜ் உள்ள போகாம திரும்பத் திரும்ப பார்ட் ரிஜெக்ட் ஆகிட்டு இருந்திருக்கு, ஆபரேட்டர் மேல தப்பு, மெஷின் பழசுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்திருக்காங்க. இவன் ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் எத்தனாவது பீஸ்ல சைஸ் இறங்குதுன்னு எழுதிக்கிட்டே வந்திருக்கான், இன்சர்ட் (வெட்டுற டூல்ல மாட்டுற முனை) மாத்தி 180 பீஸ் தாண்டினா தேஞ்சு போய் போர் சின்னதாகுதுன்னு தெரிஞ்சிருக்கு. ஆபரேட்டர் கண்ணால பாத்து மாத்திட்டு இருந்ததை 150 பீஸுக்கு ஒரு தடவ கட்டாயம் மாத்தணும், நடுவுல 50க்கு ஒரு தடவ அளந்து ஆஃப்செட் (மெஷின்ல போடுற அளவுத் திருத்தம்) பாக்கணும்னு ஷீட் போட்டு மெஷின்லயே ஒட்டியிருக்கான். ரிஜெக்ஷன் 4 சதவீதத்துல இருந்து 1க்கு வந்துருச்சு.

டேய், இதை ரெஸ்யூமேல போடாம எதைடா போடுவேன்னு கத்திட்டேன்.

இதை ரெண்டு வரியா, பார்ட் பேரு, பிரச்சினை, பண்ணது, முன்னாடி எவ்வளவு பின்னாடி எவ்வளவுன்னு எழுதினா, அதைப் படிக்கிற குவாலிட்டி மேனேஜர் அந்த இடத்துல நிப்பார், ஏன்னா அவர் ஷாப்லயும் இதே தலைவலி ஓடிட்டு இருக்கும். இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவால்ல. இதை எந்த பேக்கேஜ்காரனாலயும் எழுத முடியாது, ஏன்னா அவன் இவனை ஒரு கேள்வியும் கேக்கல. கூகுள் ஃபார்ம் ஒண்ணு அனுப்பி, பழைய ரெஸ்யூமேவை வாங்கிக்கிட்டு, ரெண்டு நாள்ல டெலிவரி. ஒரு போன் கால் கூட கிடையாது. இதுக்கு என் தம்பி கூச்சப்படாம சாட்ஜிபிடிகிட்டயே நேரா கேட்டிருந்தா ஓசியில இதே ஸ்பியர்ஹெடட் கிடைச்சிருக்கும்.

அவங்க அனுப்பின நோட்டீஸ்ல ‘ரெக்ரூட்டர் 6 நொடிதான் பாப்பார்’னு பெருசா பயமுறுத்தியிருக்காங்க. இது அமெரிக்காவுல லேடர்ஸ்ங்கிற வேலைத்தளம் 2012ல 30 ரெக்ரூட்டர்களை வச்சு கண் எங்க போகுதுன்னு பாத்து சொன்னது, 2018ல திரும்பப் பண்ணி 7.4 நொடின்னாங்க. அவங்களும் ரெஸ்யூமே எழுதித்தர்ற வியாபாரத்துல இருந்தவங்கதாங்கிறதை யாரும் சொல்ல மாட்டாங்க. என்னைக் கேட்டா, மொதல் பார்வை சீக்கிரமா போறது உண்மைதான், ஆனா அந்த நேரத்துல நான் பாக்குறது டிசைனை இல்ல, இப்ப எந்த கம்பெனி, என்ன போஸ்ட், எத்தன வருஷம், எந்த ஊரு, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, அவ்ளோதான். இதெல்லாம் சரியா இருந்தா பொறுமையா மொத்தமும் படிப்பேன்.

அதுக்கும் முன்னாடி ஒரு படி இருக்கு, நெறைய பேருக்கு தெரியல. நாங்க பாதி ஆளை அப்ளிகேஷன்ல இருந்து எடுக்கிறதே இல்ல, தேடித்தான் எடுக்கிறோம். நௌக்ரி 1997ல இருந்து இருக்கு, அதுல ரெக்ரூட்டர்களுக்குன்னு ரெஸ்டெக்ஸ்னு தனி தேடல் பக்கம். நான் அதுல என்ன அடிப்பேன்னா ‘குவாலிட்டி இன்ஜினியர், சிஎம்எம், பிபிஏபி, 8டி, ஐஏடிஎஃப் 16949’ (கடைசி மூணும் முறையே ஆட்டோ பார்ட்ஸ் லைன்ல பார்ட்டுக்கு கஸ்டமர் அப்ரூவல் வாங்கற முறை, பிரச்சினைக்கு காரணம் கண்டுபிடிச்சு சரி பண்ற முறை, தரச் சான்று), 3 டு 6 வருஷம், சென்னை இல்லன்னா சென்னை வரத் தயார், நோட்டீஸ் 1 மாசத்துக்குள்ள, அப்புறம் சமீபத்துல ஆக்டிவா இருக்கிறவங்க. இந்த கடைசி ஃபில்டரால ஆறு மாசமா லாகின் பண்ணாதவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் என் கண்ணுல பட மாட்டான். இப்ப இவனுக்கு பேக்கேஜ்காரங்க போட்ட ஹெட்லைன் என்ன தெரியுமா, ‘குவாலிட்டி எவாஞ்சலிஸ்ட், டிரான்ஸ்ஃபர்மேஷன் என்தூசியாஸ்ட்’. இதை எந்த ஊர்ல எவன் தேடுவான்? பிபிஏபிங்கிற வார்த்தையே புது ரெஸ்யூமேல இல்ல, பழசுல இருந்துச்சு, அழகா இல்லைன்னு தூக்கிட்டாங்க போல. லிங்க்டின்லயும் அதே கதை, ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் இருக்கு, அதுல போஸ்ட், தெரிஞ்ச விஷயம், ஊருன்னு போட்டாலே போதும். ஆனா ஷாப் ஃப்ளோர் வேலைக்கு என்னளவுல லிங்க்டின்ல இருந்து வந்த ஆளுங்க கம்மி, ஐடிக்காரங்களுக்கு அது வேற உலகம்.

கவர் லெட்டர் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. மூணாவது பேராவுல ‘உங்கள் வங்கியின் வளர்ச்சிக்கு’ன்னு இருக்கு. வேற யாருக்கோ எழுதினது, அப்படியே விட்டுட்டாங்க.

5,000 ஹெச்ஆர் மெயில் சர்வீஸ் இருக்கே, அது வேஸ்ட்டு கூட இல்ல, ஆபத்து. அந்த மாதிரி மெயில் எங்க இன்பாக்ஸுக்கும் வருது, ஒரே சப்ஜெக்ட், ஒரே வாசகம், ஆள் மட்டும் மாறும், பாதி ஸ்பாம்லயே போய் விழுந்துரும். அதைவிட, அந்த லிஸ்ட்ல உங்க இப்போதைய கம்பெனி ஹெச்ஆர் இருக்க மாட்டாங்கன்னு என்ன கேரன்ட்டி? நௌக்ரில குறிப்பிட்ட கம்பெனிகளுக்கு நம்ம ப்ரொஃபைல் தெரியாம பிளாக் பண்ற செட்டிங் இருக்கு, அதுக்காகத்தான் அதையே வச்சிருக்காங்க. இவங்க அனுப்புற மெயிலுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. நல்லவேளை அனுப்புறதுக்கு முன்னாடியே இவன்கிட்ட சொல்லி நிறுத்த வச்சுட்டேன்.

இதோட விட்டிருந்தா மூணு ஸ்டார் கூட குடுத்திருப்பேன். ஃபைல் அனுப்பினதுக்கு அப்புறம் ஒரு பொண்ணு போன் பண்ணி, “சார் பிளாட்டினம் எடுத்தீங்கன்னா ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் ஆட் பண்ணி பேஸ்லிப்போட தந்துருவோம்”னு சொல்லியிருக்கு. இதை மட்டும் யாரும் பண்ணிராதீங்க. 2014ல யூஏஎன் நம்பர் வந்ததுல இருந்து பிஎஃப் கணக்கு எல்லாம் ஒரே நம்பருக்கு கீழ வருது, எந்த கம்பெனியில எந்த தேதி சேந்தீங்க எப்ப விட்டீங்கன்னு அதுல வரிசையா நிக்குது, வெரிஃபிகேஷன் பண்றவங்க மொதல்ல கேக்கிறதே அதைத்தான். ஆஃபர் குடுத்து, சேந்து, ரெண்டு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வந்து வெளிய அனுப்பினதை பாத்திருக்கேன், அந்தப் பையன் கல்யாணத்துக்கு தேதி குறிச்சிருந்தான். நடுவுல வேலை இல்லாத கேப் இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல ஊர்ல இருந்தேன்னா யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க.

அப்ப அந்த ரெண்டு ஸ்டார் எதுக்குன்னா, ஸ்பெல்லிங் எல்லாம் திருத்தியிருக்காங்க, பழசுல இருந்த அப்பா பேரு, மதம், திருமணம் ஆகாதவர், கடைசியில ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ன்னு இடம் தேதி போட்ட உறுதிமொழி, இதெல்லாம் எடுத்துட்டாங்க, வேலை பாத்த வரிசையை புதுசு மேல பழசு கீழன்னு மாத்தியிருக்காங்க. இங்கிலீஷ் டைப் பண்ண வராதவங்களுக்கு இது உதவிதான், ஆனா 500 ரூபாய் வேலை. காலேஜ் பிளேஸ்மென்ட் சார்கிட்டயோ, அதே லைன்ல வேலை பாக்குற சீனியர்கிட்டயோ காட்டினா அதைவிட நல்லா சொல்லுவாங்க, முடிஞ்சா அவங்க கம்பெனியில ரெஃபரலும் போட்டு விடுவாங்க, ரெஃபரல்ல வர்ற ரெஸ்யூமேவை நாங்க தனியா எடுத்து வைப்போம் இது சத்தியம்.

இப்ப அவன் பழைய வேர்டு ஃபைலையே எடுத்து நாங்க ரெண்டு பேரும் சரி பண்ணோம். இன்சர்ட் விஷயம் மொதல் பக்கத்துல மேல, கஸ்டமர் கம்ப்ளெயின்ட்டுக்கு போட்ட 8டி ரிப்போர்ட் அதுக்கு கீழ, பிபிஏபி திரும்ப வந்துருச்சு. ஃபைல் பேரு ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2’ன்னு இருந்ததை அவன் பேரு, போஸ்ட்னு மாத்தினோம். மெயில் அனுப்பும்போது சப்ஜெக்ட்லயே ‘குவாலிட்டி இன்ஜினியர், 4 வருஷம், சிஎம்எம் பிபிஏபி, நோட்டீஸ் 30 நாள்’னு வர்ற மாதிரி. அப்புறம் தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா எடுடான்னு தலையில அடிச்சு சொல்லியிருக்கேன், லோன் வேணுமான்னு கேக்கிறவங்களுக்கு பயந்து பாதி பேர் எங்க காலை எடுக்கிறதே இல்ல, நாங்க அடுத்த ஆளுக்கு போய்க்கிட்டே இருப்போம். போன வாரம் மறைமலைநகர்ல ஒரு கம்பெனி குவாலிட்டி மேனேஜர் கூப்பிட்டிருக்கார், ஸ்கில் பட்டைய பத்தி ஒரு வார்த்தை இல்ல, “அந்த 150 பீஸ்ங்கிற நம்பரை எப்படி முடிவு பண்ணீங்க”ன்னுதான் கால் மணி நேரம் கேட்டிருக்கார். ரெண்டாவது ரவுண்டு நேர்ல, ரிசல்ட் தெரியல.

மெயில் சர்வீஸ் வேணாம்னு சொன்னதால அதுக்கான காசையாவது திருப்பிக் குடுங்கன்னு இவன் கேட்டதுக்கு, ‘டிஜிட்டல் சர்வீஸ், நோ ரீஃபண்ட்’னு ஒரு வரி பதில் வந்துச்சு. கூடவே பிளாட்டினம் பேக்கேஜுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கூப்பன்.