ஸ்டான்லி ரோட்டுப் பக்கம் பழைய ஸ்பெக்ட்ரம் திருத்தித் தாற கடை

பழைய கம்பியூட்டர் வச்சிருக்கிற ஆக்கள் யாழ்ப்பாணத்தில இருந்தா இந்தக் கடையைக் கட்டாயம் தெரிஞ்சு வச்சிருங்கோ. ஸ்டான்லி ரோட்டுப் பக்கத்து ஒழுங்கைக்குள்ள ரேடியோ, டெக் திருத்திற ஐயா ஒருத்தர், என்ர இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கேயை (டிவியில குத்திப் பாவிக்கிற பழைய சின்க்ளேயர் வீட்டுக் கம்பியூட்டர்) அவர்தான் எழுப்பித் தந்தவர். பெரியப்பா லண்டனில இருந்து கொண்டு வந்தது, 90க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்தில பெட்டிக்குள்ள போனது, பேந்து ஒருத்தரும் தொடேல்லை. திரும்ப எடுத்து டிவியில குத்திப் போட்டா திரை முழுக்க குத்துக்கோடுதான், கீழ 1982 எண்டு சின்க்ளேயர் பேரோட வாற வரி வரவே இல்லை.

முதல் காட்டின ஒரு கடையில டிவி பிழை, வேற வாங்குங்கோ எண்டு சொல்லி அனுப்பிப் போட்டினம். ஐயா டிவிப் பக்கமே போகேல்லை, "தம்பி முதல் கரண்டைப் பாப்பம்" எண்டு அடாப்டரில மீட்டரை வச்சார், ஏனெண்டா ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ், இப்ப கடையில வாறது கனக்க நடுவில பிளஸ், மாறிக் குத்தினா போர்ட் போச்சு. அடாப்டர் சரி. பேந்து மூடியைக் கழட்டி ராம் சிப்பின்ர (கம்பியூட்டரின்ர நினைவகச் சிப்) காலில மீட்டரைப் பிடிச்சார், 5 வோல்ட் இருக்கு, 12 நிக்க வேண்டிய இடத்தில குறைவு, மைனஸ் 5 துப்புரவா இல்லை. உந்த 4116 எண்ட ராம் சிப்புக்கு மூண்டும் வேணும், மைனஸ் 5 இல்லாமல் ஓடினா சிப் சூடாகிச் செத்துப்போம், அந்த 12ஐயும் மைனஸ் 5ஐயும் உண்டாக்கிறது டிஆர்4 எண்ட ட்ரான்சிஸ்டரும் பக்கத்துச் சுருளும்தான் எண்டு வடிவா விளங்கப்படுத்தினவர். அதை மாத்தி மூண்டு வோல்டேஜும் சரியா நிண்ட பிறகுதான் ஒவ்வொரு சிப்பா விரல் வச்சுப் பாத்து, கொதிச்ச இரண்டையும் கழட்டி, சொக்கெட் அடிச்சுப் புதுசு போட்டார். சோல்டர் வேலை அவ்வளவு துப்பரவு!

அதோட ஏரியல் வழி வாற படம் மங்கல் எண்டதால, மொடுலேட்டரை (படத்தை ஏரியல் சிக்னலா மாத்திற பகுதி) தவிர்த்து நேர கொம்போசிட்டா, அதாவது மாத்தாத வீடியோ சிக்னலா எடுத்துத் தரட்டோ எண்டு கேட்டு, நான் ஓம் எண்ட பிறகுதான் செய்தவர். இப்ப டிவியின்ர மஞ்சள் சொக்கெட்டில குத்தினா எழுத்து கூராத் தெரியுது. பழைய பாட்ஸ் ஒண்டையும் எறியேல்லை, வேணுமெண்டா பழையபடி மாத்தலாம். எனக்கு இதுதான் பெரிசு.

கூலி நியாயம். சிப் வெளியில இருந்து வரவேணும் எண்டதால நாள் இழுக்கும், போன் எடுக்கவும் மாட்டார், நேர போய்த்தான் கேக்கவேணும். கொண்டு போறவை அடாப்டரையும் சேத்துக் கொண்டு போங்கோ, அதைப் பாக்காமல் போர்டில கை வைக்க மாட்டார்.