ஏற்காட்டில் ஹீட் பம்ப் சர்வீஸ்: 38,500 ரூபாயும் போச்சு, வால்வையும் அடைத்துவிட்டுப் போனான்

வீட்டில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஒரு ஆப் மூலமாக வந்தவனிடம் 38,500 ரூபாய் இழந்திருக்கிறோம். பணம் போனதைவிட, அவன் செய்துவிட்டுப் போன ஒரு வேலையால் அப்பா அம்மா உயிருக்கே ஆபத்து இருந்திருக்கிறது. நேற்று மாலைதான் தெரிய வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்பா அம்மா இருப்பது ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். மார்கழியில் அங்கே வெந்நீர் இல்லாமல் பெரியவர்களால் இருக்க முடியாது. பனிமூட்டத்தில் சோலார் ஹீட்டர் சரிவராது என்றுதான் 200 லிட்டர் ஹீட் பம்ப் போட்டோம். வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மெஷின். சாதாரண கீசர் இழுக்கும் கரண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். காற்றே குளிர்ந்து போகிற நாட்களில் துணைக்கு ஓட உள்ளே ஒரு எலக்ட்ரிக் எலிமென்ட்டும் உண்டு. அந்த எலிமென்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் மெஷின் எரர் காட்டி நின்றது. போட்டுக் கொடுத்த டீலர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் ஆப். மலைக்கு ஆள் வருமா என்று பார்த்தால், மறுநாளே பெரிய பையோடு ஒருவன் வந்துவிட்டான். நானும் அன்றைக்கு மேலே போயிருந்தேன். யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வெளியே விட்டான். அம்மா காபி கொடுத்தால், "வேலை முடியட்டும்மா, அப்புறம் குடிக்கிறேன்" என்றான். மெஷினுக்குள் சுற்றும் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டிக் காட்டி, "கேஸ் சுத்தமா தீர்ந்துடுச்சு சார், அதனால கம்ப்ரசரும் போயிடுச்சு" என்றான். கம்ப்ரசர் 28,000, கேஸ் 4,500, ஃபில்டர் டிரையரும் வெல்டிங்கும் 3,500, கூலி 2,500. மொத்தம் 38,500.

நாங்கள் நம்பியது எந்த இடத்தில் என்றால், அப்பாவுக்கு வீசிங் உண்டு என்று அம்மா பேச்சுவாக்கில் சொன்னதும் அவன் வேலையை நிறுத்திவிட்டான். "அப்படியா? கேஸ் வேலை நடக்கும்போது அப்பா இந்தப் பக்கமே வரக்கூடாதும்மா. ஜன்னலைச் சாத்திட்டு எல்லாரும் உள்ளேயே இருங்க, முடிச்சுட்டு நானே கூப்பிடுறேன்." சொந்தப் பிள்ளை மாதிரி அக்கறை என்று அம்மா உருகிவிட்டார். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. முடிந்ததும் கூப்பிட்டு, துரு ஏறிய ஒரு கம்ப்ரசரைச் சாக்கில் காட்டினான். "இதுதான் உங்க பழசு, எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துட்டுப் போறேன்." அது பையிலேயே வந்த கம்ப்ரசர் என்று யாருக்குத் தோன்றும்? குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஆப்பில் வந்த லிங்க் வழியாகவே 38,500 ரூபாய் கட்டினேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் செய்தான். டேங்க் பக்கத்து வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வீணாகிறது என்று அதன் வாயில் ஒரு எண்ட் கேப் போட்டு இறுக்கினான். "இதுக்குக் காசு வேண்டாம்மா." அம்மா இன்னொரு காபி கொடுத்து அனுப்பினார்.

கொஞ்ச நாளில் அம்மா போன் செய்தார்: வெந்நீர் வருகிறது, ஆனால் வெளியே மெஷின் சத்தமே வரவில்லை. அவனைக் கேட்டால், "புது கம்ப்ரசர் சைலண்ட் மாடல் சார், சத்தம் வராது" என்றான். அப்புறம் கரண்ட் பில் வந்தது. வழக்கமாக 2,000 ரூபாய் சுற்றி வருவது 5,000-ஐத் தாண்டியிருந்தது. மறுபடி அவனை அழைத்தேன். "ஆத்தூர்ல வேலையில இருக்கேன் சார், நாளைக்கு வர்றேன்." அந்த நாளை வரவே இல்லை. இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான்.

ஆப்காரர்களிடம் போனால், சாட்டில் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி, அடுத்த நிமிடம் புகார் முடிக்கப்பட்டது என்று மெசேஜ். திரும்பத் திறந்தால் வேறு ஒரு பெயரில் வேறு ஆள், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர், வாரண்டி 30 நாள்தான், முடிந்துவிட்டது என்றார். 30 நாளுக்குள்ளேயே சத்தம் வரவில்லை என்று கேட்டோமே என்றால், "அது மெக்கானிக்கிடம் சொன்னது, எங்களிடம் பதிவு இல்லை." இன்னொருவர், மெக்கானிக்குகள் எங்கள் ஊழியர்கள் இல்லை என்றார். கடைசியாகப் பேசிய பெண், ஏற்காடு எங்கள் சேவை எல்லைக்குள்ளேயே வராது என்றார். 38,500 ரூபாயை வாங்கும்போது மட்டும் எல்லைக்குள் இருந்ததா? கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

நேற்று கோரிமேட்டிலிருந்து தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனேன். கவரைக் கழற்றியதுமே, "ண்ணா, கம்ப்ரசரை யாரும் தொடவே இல்லீங்க" என்றார். மாற்றியிருந்தால் காப்பர் பைப்பை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்த அடையாளம் இருக்க வேண்டும். எங்களுடையதில் பழைய ஜாயிண்ட்டில் பச்சை பூத்திருந்தது. கேஸும் குறையவில்லை. உண்மையான கோளாறு, ஃபேனைச் சுற்ற வைக்கும் கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. சில நூறு ரூபாய் சாமான். கூடவே சில்வர் ஓக் சருகும் தூசியும், காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் காயிலை அடைத்திருந்தன. ஃபேன் சுற்றாமல் மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆள் ஹீட் பம்ப்பை அப்படியே விட்டுவிட்டு, எலிமென்ட் மட்டும் ஓடுகிற மாதிரி மோடை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வெந்நீர் வந்தது எலிமென்ட்டிலிருந்து. அதைக் காட்டித்தான் 38,500 ரூபாய் வாங்கினான்.

அப்புறம் அவர் அந்த எண்ட் கேப்பைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய் மெயினை ஆஃப் செய்துவிட்டு வந்தார். அது ரிலீஃப் வால்வு. தண்ணீர் சூடானால் விரியும்; 20 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போகும்போது 200 லிட்டரில் இரண்டரை லிட்டர் அளவுக்குக் கூடும். உள்ளே வரும் பைப்பில், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு இருப்பதால் அது திரும்பிப் போக முடியாது. அதைத்தான் ரிலீஃப் வால்வு சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. சூடாகும்போது சொட்டுவது கோளாறே இல்லை. அதை அடைத்துவிட்டு எலிமென்ட்டையும் ஓடவிட்டால், சூடு ஏறியதும் எலிமென்ட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் போதும். 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் அழுத்தத்தோடு டேங்குக்குள்ளேயே நிற்கும். டேங்க் வெடித்தால் அதில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகிச் சுவரையே பெயர்த்துவிடும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில். இத்தனை நாளும் அங்கேதான் தூங்கினார்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும்.

வெந்நீர் வருகிறது என்பதை வைத்து ஹீட் பம்ப் ஓடுகிறது என்று நம்பாதீர்கள். ஓடும்போது ஃபேன் சுற்ற வேண்டும், வெளியே வரும் காற்று சில்லென்று இருக்க வேண்டும். டிஸ்பிளேயில் எந்த மோடு என்று பாருங்கள்.

கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்றால், பழையதன் சீரியல் நம்பரை மெஷினில் இருக்கும்போதே போட்டோ எடுங்கள். புதியதன் நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள்.

காயிலில் சருகு சேர விடாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டினாலே போதும். இந்த லைனுக்கு எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்தது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. 38,500 ரூபாயையும் வாங்காமல் விடப்போவதில்லை.

அந்தப் பக்கம் வேறு யார் வீட்டுக்கெல்லாம் அவன் போனானோ தெரியவில்லை. உங்கள் வீட்டு டேங்கின் ரிலீஃப் வால்வு வாயை யாராவது அடைத்திருந்தால், சூடாக இருக்கும்போது நீங்களே கழற்றாதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஆறிய பிறகு தெரிந்த பிளம்பரை வைத்து எடுங்கள். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.