சாம்பிள் மட்டும்தான் தோல்: 38,400 ரூபாய் போன கதை

மணி ராத்திரி பதினொன்றரை. விடிந்தால் வெட்கம் வந்துவிடும், எழுத மாட்டேன். அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். பழைய காருக்குத் தோல் சீட்டு தைக்கலாம் என்று போனில் தோல் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என்னுடையது 38,400 ரூபாய். போயே போச்சு.

கார் அப்பாவுடையது. எம்.ஜி. டி.டி., 1952-ல் இங்கிலாந்தின் அபிங்டனில் செய்தது. ரெண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. மலை எஸ்டேட்டிலிருந்து கைமாறிக் கைமாறி அப்பாவிடம் வந்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் பாதி ஆயுசைக் கழித்தது. அந்த 1250 சிசி எஞ்சின் இன்றைக்கும் ரெண்டாவது இழுப்பில் கிளம்பிவிடும். சீட்டுதான் போயிற்று. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் தோல் காய்ந்து வெடித்து, பொரித்த கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி தொட்டால் நொறுங்கியது.

வண்ணார்பேட்டைப் பக்கம் குஷன் கடைகளில் விசாரித்தேன். எல்லாரும் ஆட்டோவுக்கும் வேனுக்கும் ரெக்ஸின் அடிப்பவர்கள். "தோலா? நீங்க வாங்கிட்டு வாங்க, தைச்சுத் தாரோம்" என்றார்கள். சரி, பிரிப்பதையும் வெட்டுவதையும் வீட்டிலேயே நாம் செய்வோம், தையலுக்கு மட்டும் ஆள் பிடிப்போம் என்று இறங்கினேன். பழைய உறையைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டு, பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்துகொண்டேன். பத்து நாள் வேலை. (உள்ளே இருந்த நாரை எடுத்தபோது அடியில் அப்பாவின் பேனா மூடி ஒன்று கிடந்தது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபம் ஆறிவிடும்.)

அப்புறம் தோல். கிளாசிக் கார்களுக்குத் தோல் விற்பதாக வீடியோ போடுகிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. கடை எந்தத் தெருவில் என்று எங்கேயும் எழுதாத வகை. பேரைச் சொல்லப் போவதில்லை, நாளைக்கே வேறு பேரில் வருவார்கள். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு விழவில்லை. முதலில் சாம்பிள் கேட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெரூன் துண்டு தபாலில் வந்தது. பின்பக்கம் நார் நாராக இருந்தது. ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினேன், முடி பொசுங்கும் நாற்றம். சந்தேகமே இல்லை, அசல் தோல். மனைவி மோந்து பார்த்துவிட்டு, "புதுச் செருப்பு வாசம்" என்றாள்.

போன் பண்ணினேன். எடுத்ததுமே "சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். "நமக்குப் பூர்வீகம் அம்பாசமுத்திரம்தான் அண்ணாச்சி. கல்லிடைக்குறிச்சிக்குப் போற ஆத்துப் பாலம் இருக்குல்லா, அதுக்கு இந்தப் பக்கம்." அந்த 'இருக்குல்லா'வில்தான் விழுந்தேன். பாலம் இருப்பது மேப்பைப் பார்க்கிற எவனுக்கும் தெரியும். அந்த 'லா'வை மேப்பில் பார்த்துப் படிக்க முடியுமா? பாதிப் பணம் இப்போது, மீதி சரக்கைப் பார்த்துவிட்டு என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். "முழுசா அனுப்பிட்டியன்னா கொரியர் சார்ஜு வேண்டாம் அண்ணாச்சி" என்றான். சதுர அடி 480 வீதம் 80 சதுர அடி, 38,400 ரூபாய். நின்ற வாக்கிலேயே அனுப்பினேன். கொரியரில் 900 ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷம் வேறு.

பார்சல் வந்தது. ஜவுளிக்கடைத் துணி மாதிரி குழாயில் சுற்றியிருந்தது, நாலு ஓரமும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர். முழு மாட்டுத் தோல் அப்படி இருக்காது. கழுத்து, வயிறு, கால் என்று ஓரம் வளைந்து வளைந்து போகும். முள் கீறின தழும்பு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும். வயிற்றுப் பக்கம் இழுபடும், சீட்டுக்கு ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன், "என்னப்பா, நாலு பக்கமும் நேரா இருக்கு?" அவன் சொன்னது: "உங்களுக்கு வேஸ்ட் ஆகக் கூடாதுன்னு ஓரத்தை வெட்டி அனுப்பிருக்கோம் அண்ணாச்சி." என்ன ஒரு கரிசனம்! பணம் போன பிறகு நம்புவதுதானே சுலபம். நம்பினேன். பேப்பரை வைத்து ஏழு துண்டு வெட்டினேன்.

மேலப்பாளையத்திலிருந்து பாய் ஒருவர் ஆட்டோவில் பெரிய மெஷினோடு வந்தார். நாற்பது வருஷமாகக் குஷன் வேலை பார்க்கிறவர். பைப்பிங் வைத்து முதல் ஓரத்தைத் தைத்தார். தையல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. குஷன் மேல் மாட்டி ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். ஊசி இறங்கின ஓட்டை வரிசையிலேயே, தபால் தலையைப் பிய்க்கிற மாதிரி, சர்ரென்று பிரிந்து வந்தது. பாய் ஒன்றும் பேசவில்லை. கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது.

"தம்பி, இது தோலு இல்ல. தோல் தூளு."

கழிவுத் தோலை அரைத்துப் பசையில் குழைத்து, தகடாக இழுத்து, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து, தோல் வரி மாதிரி அச்சு அடிப்பது. பாண்டட் லெதர் என்பார்கள். பின்பக்கம் தோல் மாதிரியே தெரியும். தீக்குச்சி வைத்தாலும் கொஞ்சம் முடி நாற்றம் வரத்தான் செய்யும், உள்ளே தோல் தூள் இருக்கிறதே. "வெட்டுததுக்கு முந்தி ஏங்கிட்ட ஒரு வார்த்தை காமிச்சிருக்கலாம்லா" என்றார் பாய். ஆட்டோ வாடகை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இனிமேல்தான் கூத்து. முதல் நாள் "செக் பண்ணிட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி." மூன்றாம் நாள் அண்ணாச்சி போய் சார் வந்தது. "வெட்டின சரக்கைத் திருப்பி எடுக்கறதில்ல சார்." வெட்டாமல் பாதிச் சுருள் அப்படியே இருக்கிறதே என்றேன். "பில்லைப் பாருங்க சார்." பார்த்தேன். 'லெதர் மெட்டீரியல்' என்று போட்டிருந்தது. "அசல் தோலுன்னு எங்க சார் போட்டிருக்கு?" அப்புறம் வேறொரு நம்பரில் ஒரு பெண், மேனேஜர் லீவு. மறுபடியும் கூப்பிட்டேன், மேனேஜர் இன்னும் லீவு. சாம்பிள் துண்டையும் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. இன்று சாயங்காலம் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். அதே குரல். "யாருங்க நீங்க?" அண்ணாச்சியிலிருந்து யாருங்க வரைக்கும் பதினொரு நாள்! ஆத்துப் பாலத்துக்கு எந்தப் பக்கம்டா என்று கேட்டேன், கட் பண்ணிவிட்டான். இப்போது அந்த நம்பரும் போகவில்லை.

தோல் வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். சாம்பிளைச் சோதித்து ஒரு பிரயோஜனமும் இல்லை, வந்த சரக்கைச் சோதியுங்கள். ஓரத்தில் விரல் அகலம் வெட்டி, ஊசியால் வரிசையாகக் குத்தி, பிடித்து இழுங்கள். தோல் தாங்கும், தூள் பிய்யும். முழுத் தோல் என்று சொல்லி நேர் ஓரத்தோடு வந்தால் கத்தியை எடுக்காதீர்கள். பில்லில் மாட்டுத் தோல் என்றும் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்றும் எழுதித் தராதவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டவே வேண்டாம். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள், என்னை மாதிரி பதினொரு நாள் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். சரக்கு மட்டம் என்றால் நுகர்வோர் உதவிக்கு 1915. ரெண்டுக்கும் இன்றுதான் அடித்தேன்.

திண்டுக்கல்லில் தோல் ஷாப்புக்கே போய்க் கையால் தடவிப் பார்த்து வாங்குவோம், நானும் வாரேன் என்கிறார் பாய். போகலாம். இன்னொரு 38,400 எங்கே இருக்கிறது? கார் தார்ப்பாய்க்கு அடியில் ஸ்பிரிங் தெரிய நிற்கிறது. மீதிச் சுருளைத் தூரப் போட்டுவிடவா என்று மனைவி கேட்கிறாள். இருக்கட்டும், புகாருக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்று கட்டில் அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.