விமான நிலையத்திலிருந்து தேரடிக்கு 50 ரூபாய்

தோஹாவிலிருந்து சென்னைக்கு வருகிற விமானங்கள் பெரும்பாலும் ஊர் அடங்கிய பிறகுதான் தரையிறங்கும். 2025 ஜனவரியில், மார்கழி முடிய நான்கைந்து நாள் இருக்கையில், நான் இறங்கியது அதிகாலை மூன்றரைக்கு. வழக்கமாக மனைவி, பிள்ளைகள், ஆறு பெட்டிகள் என்று ஒரு ஊர்வலமாக வருவோம். அப்பா வாடகைக் கார் ஏற்பாடு செய்து வாசலில் காத்திருப்பார். இந்த முறை தனியாள், ஒரே பெட்டி. வடசென்னையில் திருவொற்றியூர் வீட்டுக்கு மெட்ரோவில் வந்துவிடுகிறேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

"வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலிலா வருவான்? தெருவில் என்ன நினைப்பார்கள்?" என்றார் அப்பா. தெரு அந்த நேரத்தில் தூங்கும் என்று சமாதானம் சொன்னேன்.

முதல் வண்டி 5 மணிக்கு. ஒன்றரை மணி நேரம், இரண்டு காபி. நடைபாலத்தைத் தாண்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டியைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றினேன். காவலுக்கு நின்ற பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு, "பால்மாவு டின்னா சார்? துபாயா?" என்று கேட்டார். "தோஹா" என்றேன். "எல்லாம் ஒன்றுதான்" என்று கையசைத்து அனுப்பிவிட்டார்.

என் பழைய இந்தியக் கைபேசி எண் செத்துப் பல மாதம் ஆகிறது. அதனால் கவுண்டரில் ரொக்கம் நீட்டினேன். திருவொற்றியூர் தேரடிக்கு 50 ரூபாய். இந்தத் தடத்தில் அதற்கு மேல் கட்டணமே கிடையாது. கைபேசியில் டிக்கெட் எடுத்திருந்தால் இன்னும் 20 சதவீதம் குறைந்திருக்கும். ஊருக்கு வருகிறவர்கள் உள்ளூர் எண்ணை உயிரோடு வைத்திருந்தால் பத்து ரூபாய் லாபம்.

வண்டியில் என்னைத் தவிர ஏழெட்டுப் பேர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இரவுப் பணி முடித்துத் தூங்கி வழிகிற பிள்ளைகள். தோஹா மெட்ரோவில் சாதாரண வகுப்புக்கு 2 ரியால், கோல்டு வகுப்புக்கு 10 ரியால். இங்கேயும் தொடக்கத்தில் ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. 2020 நவம்பரில் அதை எடுத்துவிட்டு அந்தப் பகுதியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். நல்ல காரியம். தோஹாவில் வண்டி ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுகிறது. இங்கே முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுகிறார். எனக்கு அதில் ஒரு நிம்மதி, காரணம் கேட்கக் கூடாது.

மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, ஆலந்தூர், கிண்டி எல்லாம் மேம்பாலத் தடம். சின்னமலையை விட்டதும் வண்டி தலையைக் குனிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அடையாற்றை அடியில் கடந்து சைதாப்பேட்டை. அங்கிருந்து தண்டையார்பேட்டை வரை 13 நிலையங்கள் பூமிக்குள். அண்ணா சாலை முழுக்கத் தலைக்கு மேலே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்தால்தான் மெட்ராஸ் வந்ததாக நம்பிய தலைமுறை என் அப்பாவுடையது. இப்போது எல்.ஐ.சி. என்பது சுவரில் ஓர் எழுத்து, ஒலிபெருக்கியில் ஒரு பெயர். சென்ட்ரலில் கூட்டம் ஏறியது. உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை. பாரிமுனையில் பஸ் மாறுவதற்காக நான் நின்ற மணி நேரங்களைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பை முடித்திருக்கலாம். அந்த இடத்தை வண்டி இரண்டு நிமிடத்தில் கடந்துபோனது.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். நான் 2010இல் ஊரை விட்டுப் போனபோது மெட்ரோ வேலை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வரைபடத்தில் தடம் வண்ணாரப்பேட்டையோடு நின்றது. அதற்கு வடக்கே ஊரே இல்லை என்பதுபோல. கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் வண்டி 2015 ஜூனில் ஓடியது. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. அங்கிருந்து விம்கோ நகர் வரையான 9 கிலோமீட்டருக்கு இன்னும் இரண்டு ஆண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ஆலைப் புகை எல்லாம் எங்களுக்கு முதலில் வரும். நல்லது கடைசியில் வரும். வடசென்னையில் பிறந்தவனுக்கு இந்த வரிசை பழக்கம்தான். ஆனால் வந்ததை வராதது என்று சொல்ல முடியாது.

தண்டையார்பேட்டை தாண்டியதும் வண்டி மேலே ஏறியது. இன்னும் விடியவில்லை. டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு மேலே, மூன்றாம் மாடி உயரத்தில் போகும்போது குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றாக ஜன்னலில் திறந்து மூடின. ஒரு தெருவில் நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஒரு பெண் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிறுமி கோலமாவுக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். அடுத்த தெருவில் கோலம் முடிந்து நடுவில் பூசணிப்பூவும் வைத்தாகிவிட்டது. இந்தத் தெருக்களில் பதினெட்டு ஆண்டு சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். மேலிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

காலடிப்பேட்டை என்று அறிவிப்பு வந்ததும் பக்கத்தில் இருந்த இளைஞர், "யார் காலடி அது?" என்று சிரித்தார். காலடியும் இல்லை, கையடியும் இல்லை. 1717 முதல் மூன்று ஆண்டு சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. வேஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி ஆலையின் முதலெழுத்துகள்தான் விம்கோ. இந்தத் தடத்தின் வடகோடியில் ஒரு கவர்னரும் ஒரு தீப்பெட்டியும் நிற்கிறார்கள்.

தேரடியில் இறங்கும்போது மணி ஆறு. நடைமேடையிலிருந்து தியாகராஜர் கோயில் கோபுரத்தின் உச்சி தெரிந்தது, விளக்குப் போட்டிருந்தார்கள். கீழே அப்பா நின்றிருந்தார், கோயிலுக்குப் போன வழியில் சும்மா வந்ததாகச் சொன்னார். பெட்டியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

எல்லாப் பயணமும் இப்படி அமையவில்லை. பொங்கல் கழிந்து மனைவியின் ஊரான திண்டிவனத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் மூளையில் திண்டிவனம் என்றால் கோயம்பேடு. மெட்ரோ நேராகப் பேருந்து நிலைய வாசலிலேயே இறக்கிவிடும். ஆனால் தெற்கே போகும் பஸ்களெல்லாம் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கட்டிய புது நிலையத்துக்குப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. பேருந்து நிலையத்தைத் தேடி மெட்ரோ வந்தது. மெட்ரோ வந்த பிறகு பேருந்து நிலையம் பாதியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தடம் திட்டத்தில் இருக்கிறது. அதுவரை தேரடியிலிருந்து விமான நிலையம் வரை குளிர்ச்சியாக வந்து, பிறகு தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் மாநகர பஸ்ஸில் குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று நின்றுகொண்டே போக வேண்டும். ஆட்டோக்காரர் ஒருவர் கேட்ட தொகையில் திண்டிவனத்துக்கே போய்த் திரும்பியிருப்பேன். அடுத்த முறை கிண்டியில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் மின்சார ரயிலைப் பிடித்து வண்டலூர் போவேன்.

மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குப் போன கதை சுருக்கமானது. லஸ் முழுக்கத் தகர வேலி. 118.9 கிலோமீட்டர், மூன்று தடம் என்று மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. திருமயிலையில் நிலையம் பல அடுக்காக ஆழத்துக்குப் போகிறது. அக்கா வீட்டுத் தெருவைக் கண்டுபிடிக்க அக்காவுக்கே போன் செய்ய வேண்டியதாயிற்று.

திரும்பும் நாள் விமானம் அதிகாலை நான்கு மணிக்கு. கார் வேண்டாம் என்று இந்த முறை அப்பாவே சொன்னார். இரவு ஒன்பது மணிக்குத் தேரடியில் இருவரும் ஏறினோம். வழியெல்லாம் நிலையப் பெயர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். எல்.ஐ.சி. வந்தபோது மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பதினைந்து வருடமாக, நான் கண்ணாடிக் கதவுக்குள் போய் வரிசையில் மறையும்வரை வெளியே நின்று கையசைக்கிறவர். அன்று புறப்பாடு வாசலில் திருநீற்றை வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்குக் கடைசி வண்டி. நான் வரட்டுமா?" என்று நடைபாலத்தை நோக்கி வேகமாக நடக்கத் தொடங்கினார். இந்த முறை நான்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.