எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் துடித்த பிக்சல்களும்: நான்கு டிசம்பர் அனுபவம்

டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் தெருவில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். எங்கள் வீட்டு விளக்கு பாட்டுக்கு ஆடும். தீபாவளிக்குக் கட்டியதை அப்படியே புத்தாண்டு வரை விட்டுவைப்போம். சுமார் 1,200 டபிள்யூஎஸ்2811 பிக்சல்கள் (ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சிப்போடு, தனித்தனியாக நிறம் மாறும் குட்டி விளக்கு), அவற்றுக்கு நிறத் தகவலை அனுப்பும் ஒரு கண்ட்ரோலர், நிகழ்ச்சியை ஓட்ட ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. ஸ்பீக்கர் வைத்தால் அக்கம்பக்கத்தில் சண்டை வரும் என்பதால், வாசலில் நிற்கும் கார்களின் ரேடியோவுக்கே பாட்டை அனுப்ப ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்.

முதல் டிசம்பர் முழுக்கத் தொல்லைதான். கூரை விளிம்பு வரிசை மட்டும் திடீர் திடீரென்று வெள்ளையும் பச்சையுமாகத் துடிக்கும். பவர் சப்ளையை மாற்றினேன். முதல் பிக்சலை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். குளிரில் எத்தனை முறை ஏணி ஏறினேன் என்று கணக்கில்லை. ஒரு மாலை, சைக்கிளுக்குக் காற்றடிக்க கேரேஜில் பம்ப்பைச் செருக இடம் தேடிய மகன், டிரான்ஸ்மிட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டான். வெளியே ரேடியோவில் பாட்டு நின்றது. "யாருடா பிடுங்கினது?" என்று திட்ட வாயெடுத்தவன் கூரையைப் பார்த்தேன். சொன்ன நிறத்தில், சொன்னபடி எரிகிறது. திரும்பச் செருகச் சொன்னேன், துடித்தது. "அப்பா, இத்தனை நாளா ரேடியோதானா?" என்றான். பதில் சொல்லவில்லை.

டிரான்ஸ்மிட்டரை நான் கண்ட்ரோலர் பெட்டியின் தலைமேலேயே வைத்திருந்தேன். கண்ட்ரோலரிலிருந்து கூரையின் முதல் பிக்சலுக்குப் போன டேட்டா ஒயர் 4 மீட்டர் நீளம். எஃப்எம் ஓடும் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். ஆக, அந்த ஒயர் ஒரு நல்ல ஆண்டெனா; டிரான்ஸ்மிட்டரின் அலையைப் பிடித்து விளக்குத் தகவலோடு கலந்துவிடும். அதில் நொடிக்கு 8 லட்சம் பிட் ஓடுகிறது. ஒவ்வொரு பிக்சலும் தன் பங்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். முதல் ஒயரிலேயே கெட்டுப்போன தகவல், வரிசை முழுக்கக் கெட்டதாகவே போகும். மற்ற வரிசைகளுக்கு ஒயர் குட்டை, அதனால் தப்பித்தன.

டிரான்ஸ்மிட்டரை மாடி ஜன்னலுக்கு மாற்றினேன். கண்ட்ரோலருக்கும் அதற்கும் இப்போது 8 மீட்டர். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையில் துடிப்பு பெரும்பாலும் அடங்கியது. மிச்சத்துக்கு டேட்டா ஒயரை மூன்று சுற்று சுற்றி, ஒயரில் ஏறும் ரேடியோ இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் மாட்டினேன். ஒயர் குறையும்படி கண்ட்ரோலரையும் கூரைப் பக்கம் நகர்த்தினேன். அதனால் தூரமாகிப்போன மரத்து வரிசைக்கு மட்டும் ஈத்தர்நெட் கேபிள் வழியாக டிஃபரென்ஷியல் ரிசீவர் (ஒரே தகவலை இரண்டு ஒயரில் நேரெதிராக வாங்கி, இரண்டிலும் ஏறிய இரைச்சலைக் கழித்துவிடும் பெட்டி) போட வேண்டியிருந்தது. அந்த வரிசை அதற்கப்புறம் துடித்ததே இல்லை.

இன்னொரு தப்பும் என்னுடையதுதான். இணையத்தில் '7 வாட்' என்று விற்றதை, பெரிதாக இருந்தால் நல்லது என்று வாங்கிவிட்டேன். அமெரிக்காவில் உரிமமில்லாத எஃப்எம் அலைபரப்புக்கு வரம்பு, 3 மீட்டர் தூரத்தில் 250 மைக்ரோவோல்ட்/மீட்டர் (அங்கே அலை எவ்வளவு வலுவாக இருக்கலாம் என்பதன் அளவு). அனுப்பும் சக்தியாகக் கணக்குப் போட்டால் ஒரு வாட்டை ஐந்து கோடி பங்காக்கி அதில் ஒரு பங்கு போல வரும். 7 வாட் எங்கே, இது எங்கே! இரண்டாம் ஆண்டு வரம்புக்குள் அடங்கும் சின்னதாக மாற்றினேன். எங்கள் வாசலில் நிற்கும் நாலைந்து கார்களுக்கு அது தாராளம். ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் விட்டால் இரைச்சல் இன்னும் குறைகிறது.

அப்புறம் எதிர்த்திசைத் தொந்தரவு. விளக்குகள் வெள்ளையாக எரியும்போதெல்லாம் ரேடியோவில் 'ர்ர்ர்' என்று ஒரு ரீங்காரம். பாதிக் காரணம் ராஸ்பெர்ரி பையின் ஆடியோ ஜாக். யூஎஸ்பி சவுண்ட் கார்டும் டிரான்ஸ்மிட்டருக்குத் தனி அடாப்டரும் போட்டதும் குறைந்தது. மீதியைப் பிடித்த விதம் எனக்கே பிடித்தது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோவைக் காலியான அலைவரிசையில் வைத்து, ஒவ்வொரு பவர் சப்ளை பக்கத்திலும் கொண்டுபோனேன். ஒன்றின் அருகில் மட்டும் பொரிகிற சத்தம். மலிவு என்று வாங்கிய 12 வோல்ட் பெட்டி. அதை மாற்றியதும் இன்னொரு மர்மமும் தீர்ந்தது: டிசம்பரில் மட்டும் கேரேஜ் ரிமோட் கதவை ஒட்டி நின்றால்தான் வேலை செய்யும். பேட்டரி, பேட்டரி என்று மாற்றிக்கொண்டிருந்தேன்.

அலைவரிசையை ஒவ்வோர் ஆண்டும் இரவில் காரில் உட்கார்ந்து, இரு பக்கமும் காலியாக இருப்பதாகப் பார்த்துத் தேடுகிறேன். பெருநகரப் பக்கம் அது சுலபமில்லை. போன வருடம் காலியாக இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்று நம்பி ஒருமுறை ஏமாந்தேன்.

இந்த நான்காவது டிசம்பரில் விளக்கு துடித்தது ஒரே ஓர் இரவு, அதுவும் மழையில். இணைப்பில் தண்ணீர் புகுந்திருந்தது. என் முதல் வேலை, வழக்கம்போல, மாடிக்கு ஓடி டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்ததுதான்.