ஆர்எக்ஸ் 100-க்கு போர் போடக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

ரூ.16,500. என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்குப் போரே போடாமல், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடையாமல், போர் போட்டதாக பில் எழுதி என்னிடம் வாங்கிய பணம் இது. நேற்று சாயங்காலம் லேத்தில் (கடைசல் பட்டறையில்) ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல் மூடியை, கழற்றிப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கடைப் பெயரைப் போடவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி மட்டும்தான் பார்ப்போம் என்று போர்டு மாட்டி, சைலன்சர் சத்தத்தோடு வீடியோ போடுகிற வகைக் கடை. இப்போது ஊருக்கு ஒன்று இப்படி வந்துவிட்டது. வண்டியைக் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது, 1994 மாடல். 1996-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டி என்பதால் நல்ல சிலிண்டர் ஒன்று கையில் இருந்தால் அதைப் பொத்திப் பொத்தித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச காலமாகவே கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. மேட்டில் இழுவை இல்லை. பிஸ்டன் உள்ளே ஆடுகிற கடகட சத்தம் வேறு. போர் தேய்ந்துவிட்டது என்பது தெளிவு. கம்பெனியிலிருந்து வரும்போது இதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீட்டர். தேயத் தேயக் கால் மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலே அளவுதான். அதையும் தாண்டினால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாய்) அடிக்க வேண்டியதுதான். அப்பா ஓட்டிய காலத்திலேயே 0.25 போட்டாகிவிட்டது. அடுத்தது 0.50.

கடைக்காரர் என் கண் முன்னாலேயே ஹெட்டைக் கழற்றினார். வேஸ்ட் துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டு, என் விரலைப் பிடித்து உள்ளே மேல்பக்கம் வைத்தார். "தடவிப் பாருங்க சார், நகத்துல தட்டுதா?" தட்டியது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போய் வரும் இடம் மட்டும் தேய்ந்து, அதற்கு மேலே தேயாத பகுதி மெல்லிய விளிம்பாக நின்றது. "இந்த விளிம்பு போகணும்னா போர் போட்டே ஆகணும். சும்மா ரிங் மட்டும் மாத்திக் கொடுக்கிறவன் உங்களை ஏமாத்துறான்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியான விஷயம். அளவு பார்க்கும் கருவியை எடுத்து மேலே, நடுவே, கீழே என்று அளந்து நோட்டில் எழுதினார். "அப்பா வண்டின்னு சொல்றீங்க. கவலையே படாதீங்க, என் சொந்த வண்டி மாதிரி பண்ணித் தர்றேன்" என்றார். வேலை தெரிந்த மனுஷர் என்று நம்பித்தான் கொடுத்தேன்.

பழைய ஸ்டாக் ஒரிஜினல் பிஸ்டன் கிட், போரிங், ஸ்மால் எண்ட் பேரிங், கேஸ்கெட், லேபர் எல்லாம் சேர்த்து ரூ.16,500. பிஸ்டன் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்கணும் என்று முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

வண்டி வந்தது. முதல் நாளே சத்தம் அப்படியே இருந்தது. போன் போட்டால், "புது ரிங் சார், உட்கார 500 கிலோமீட்டர் ஆகும், மெதுவா ஓட்டுங்க." மெதுவாகத்தான் ஓட்டினேன். சத்தம் கூடியது. "டூ-டி ஆயில் எது ஊத்துறீங்க? அதை மாத்துங்க." மாற்றினேன். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறாங்க சார், எல்லா வண்டியும் இப்படித்தான்." நேரில் போனால் அவர் வெளியே போயிருப்பார். கடைப் பையன், "அண்ணன் வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்பான். ஒரு போன் வந்ததில்லை. அதே நேரத்தில் புது வீடியோ மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

போன வாரம் பைபாஸில் டக்கென்று ஒரு சத்தம், பின் சக்கரம் இழுத்துப் பிடித்தது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. தள்ளிக்கொண்டே வந்து, நேற்று எங்கள் பகுதி லேத்காரரிடம் கொடுத்தேன். அவர் ஹெட்டை எடுத்து, பிஸ்டன் தலையில் இருந்த கரியை மெதுவாகச் சுரண்டினார். அடியிலிருந்து 25 என்ற எண் வெளியே வந்தது, அதாவது பழைய 0.25 அளவு. பில்லில் எழுதியிருப்பது 50! சிலிண்டரில் விரலை விட்டால் அதே விளிம்பு, அதே இடத்தில், நகத்தில் தட்டுகிறது. கடைந்தே இருக்கவில்லை. பழைய போரில் எமரி தாளைப் போட்டுத் தேய்த்துவிட்டு, பழைய அளவிலேயே ஒரு மட்டமான பிஸ்டனை இறக்கியிருக்கிறார்கள். புது ரிங் அந்த விளிம்பில் மோதி மோதி உடைந்து, உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) ஓரத்தில் மாட்டி, சிலிண்டரை மேலிருந்து கீழ் வரை கீறிவிட்டது. கீறல் ஆழமாக இருப்பதால் 0.50-க்கு அடங்காது, 0.75-ம் பத்தாது, கடைசி அளவான 1.00 வரை போக வேண்டும் என்கிறார் லேத்காரர். பணம் போனது ஒரு பக்கம். இன்னும் பல வருஷம் ஓடியிருக்க வேண்டிய சிலிண்டரைக் கொன்றுவிட்டார்களே, அதை யார் திருப்பித் தருவது?

கடைக்காரருக்குப் படங்களை அனுப்பிக் கேட்டேன். "பில்லு எழுதினது பையன், தப்பா எழுதியிருப்பான்." அப்படியானால் போரிங்குக்கு என்று வாங்கிய காசு? "வேற இடத்துல கழட்டிட்டீங்க சார், இனிமே அது என் பொறுப்பில்லை." அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ரூ.16,500-க்கு இதுதான் பதில். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். பில், பிஸ்டன், உடைந்த ரிங் மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான். லேத்துக்கு சிலிண்டர் போகும்போது நீங்களும் கூடவே போங்கள். கடைந்து வந்ததும் மாட்டுவதற்கு முன் உள்ளே விரலை விட்டு விளிம்பு போய்விட்டதா என்று பாருங்கள். போர்ட் ஓரங்களின் கூர்மையைத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். புது பிஸ்டன் தலையில் இருக்கும் எண்ணை உங்கள் போனில் படம் எடுங்கள். பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வேலை முடியும் முன் முழுப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.